முதல் வாய்ச் சோறு

நித்யாவின் போன் வந்தபோது மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எத்தனையாவது தடவையோ. மிளகாய்க்கு அது தேவையே இல்லை, எனக்குத்தான் தேவைப்பட்டது. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த நாளிலிருந்து என் கை இப்படித்தான் எதையாவது கிளறிக்கொண்டே இருக்கிறது. திருப்பூர் மண்ணரையில் மகன் வீடு. கீழே அவனுடைய ஓவர்லாக் தையல் மிஷின்கள், மேலே நாங்கள். காலையில் மிஷின் ஓட ஆரம்பித்தால் நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் சேர்ந்து அதிரும். "சித்த ரெஸ்ட் எடும்மா" என்கிறான் மகன். நாற்காலியே ரெஸ்ட் எடுக்காத வீட்டில் நான் எங்கே எடுப்பது?

நித்யா நான் விட்டுவந்த வேலையைப் பார்க்கிற பெண். மடத்துக்குளம், உடுமலைப் பக்கத்துக் கிராமங்களில் குழந்தைகளின் எடை, சாப்பாடு, பெண்களின் வருமானம் இவற்றுக்காக ஓடுகிற ஒரு தொண்டு நிறுவனம் எங்களுடையது. நித்யா கெட்டிக்காரி. பேச்சு மட்டும் பம்பரம்.

"சாந்தியக்கா, நாளைக்குப் புதுசா சேர்ந்த பொண்ணுங்களுக்கு டிரெயினிங்குங்க. நீங்க வந்து ஒரு சக்சஸ் ஸ்டோரி சொல்லோணும். அந்த சோயாக் கொழந்த இருக்குதுங்களே, தராசுல தொங்கிட்டுச் சிரிக்குமே, அந்த போட்டோவ ஸ்கிரீன்ல போட்டர்றனுங்க. நீங்க சின்னதாச் சொன்னாப் போதும்."

"நோட்டுல எழுதறதெல்லாம் நின்னு போச்சாமே?"

"எல்லாம் போன் ஆப்புதானுங்க்கா. எடையப் போட்டா செகப்பு, மஞ்சள், பச்சைன்னு போனே சொல்லீருது."

"போன் ஊட்டி உடுமா?"

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

போனை வைத்த பிறகு மிளகாயைக்கூடக் கிளற முடியவில்லை. சக்சஸ் ஸ்டோரியாம். அந்தக் குழந்தையைப் பார்த்தே வருடக்கணக்காகிவிட்டது. எங்கே இருக்கிறது, என்ன சாப்பிடுகிறது, ஒன்றும் தெரியாது. தெரியாமலே மேடையேறிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வருவதா? மனசு ஒப்பவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. பிளஸ் டூ முடித்து ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். பீஸை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடிக்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் எனக்குக் கசக்குமா? பிறகு கல்யாணம், மகன், அப்புறம் இந்த நிறுவனத்தில் களப்பணியாளர். உடுமலையில் பயிற்சி கொடுத்தார்கள். சுவரில் காய்கறிப் படம் மாட்டி எதில் என்ன சத்து என்று சொன்னார்கள். அதில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது எல்லாம் ஜமீலா மேடத்திடம் படித்தது.

ஜமீலா மேடம் எங்கள் ஒருங்கிணைப்பாளர். அவர் வீட்டில் பனியன் வேஸ்ட் வாங்கி விற்கிற வியாபாரம். அவருக்கு அதில் நாட்டமில்லை. பூப்போட்ட காட்டன் சேலை, தலையில் முக்காடு, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் இருக்கும். எங்களுக்கு அந்த ஸ்பூனைக் கண்டால் பயம். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் நாற்காலியில் உட்கார மாட்டார். "அடுப்படி எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய், குழந்தைக்கு என்று எது வைத்திருக்கிறதோ அதை ஸ்பூனில் எடுத்து ஒரு வாய் சாப்பிடுவார். புளித்திருக்கிறதா, உப்பில்லையா, மாவு வேகவில்லையா என்று அந்த ஒரு வாயில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் பேச்சு. "முதல் வாய் நம்முது. நம்ம வாய்க்கு ஆகாததைக் கொழந்தைக்குக் குடுங்கன்னு சொல்றதுக்கு நாம ஆரு?" என்பார்.

வேலையைப் பற்றிச் சொல்லப் போனாலும் அப்படித்தான்.

"அந்த ஊட்டுல மாவு குடுத்தாச்சுங்க மேடம்."

"கொழந்தை இன்னிக்கு என்ன சாப்புட்டுச்சு?"

"மாவுதானுங்க."

"யாரு ஊட்டுனாங்க?"

"அவங்கம்மாவா இருக்குமுங்க."

"இருக்குமா? வாய்க்குள்ள போனதப் பாத்தியா?"

பார்த்திருக்க மாட்டோம். உடனே கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்க ஆரம்பிப்பார். திட்டு எல்லாம் கிடையாது. துடைத்து முடிப்பதற்குள் நாம் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் அந்த வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிட வேண்டும். இதற்கு நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும். எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். அவருக்கு அது வந்து நான் பார்த்ததில்லை, அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வரும்.

அவர் வாய்விட்டுச் சிரித்து ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். எங்களுடையது தொங்கு தராசு. மரக்கிளையிலோ விட்டத்திலோ மாட்டி, கொக்கியில் ஒரு தூளியைத் தொங்கவிட்டு, குழந்தையை அதில் உட்கார வைத்து முள்ளைப் பார்க்க வேண்டும். பழைய தூளி கிழிந்து போனது. திருப்பூர்க்காரர்களுக்குத் துணிக்கா பஞ்சம்? கெட்டியான பனியன் துணியில் கலர் கலராகத் தூளி தைத்து வந்தது. அந்த மாதம் எடை பார்த்தால் ஒரே அதிசயம். நோஞ்சான் குழந்தைகள் எப்போதும் போல இருந்தன. கொழுகொழு குழந்தைகள் எல்லாம் அவற்றைவிட இளைத்திருந்தன. குண்டுப் பையன் ஒருவனின் அம்மா, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அங்கேயே மிளகாய் சுற்றிப் போட்டாள்.

ஜமீலா மேடம் வந்து அவனை மறுபடியும் தூளியில் வைக்கச் சொன்னார். நாங்கள் எல்லாரும் முள்ளைப் பார்த்தோம். அவர் மட்டும் குனிந்து கீழே பார்த்தார். பனியன் துணி இழுபட்டு இறங்கி, பையன் சுகமாகத் தரையில் கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

"ஊரே பனியன வெச்சுப் பொழைக்குது. பனியன் இழுபடும்னு ஒருத்தருக்கும் தெரியலியே!" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், "இனிமே முள்ளைப் பாக்கறதுக்கு முன்னால காலைப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு என் வேலைக்காலம் முழுக்க நான் காலைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்ததில்லை.

சோயா வந்தது அதற்கு அப்புறம். மடத்துக்குளம் பக்கத்தில் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருந்தது. தோட்டத்துக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவர் திருப்பூருக்குப் பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் பனியன் கம்பெனி போட்டு அங்கேயே குடியேறிவிட்டார். தென்னைக்கு நடுவில் நிலம் சும்மா கிடந்தது. "நீங்க எதாச்சும் போட்டுக்குங்க அம்மிணி. களை மொளைக்காம இருந்தாச் சேரி" என்று எங்கள் பெண்கள் குழுவுக்கு விட்டுக் கொடுத்தார். குழுவில் சோயா மொச்சை விதைப்பது என்று முடிவாயிற்று. விளைந்ததில் பெரும்பங்கு விற்பனைக்கு, மீதி மாவாக்கி அவரவர் குழந்தைகளுக்கு. வீட்டுப் பக்கத்திலேயே வேலையும் ஆச்சு, பிள்ளைக்குச் சத்தும் ஆச்சு.

ஏனென்றால் அந்த ஊர்களில் பெண்களுக்கு வேறு வழி வேன்தான். பனியன் கம்பெனி வேன் விடியும் முன்னால் வந்து ஏற்றிக்கொண்டு போகும், விளக்கு வைத்த பிறகு கொண்டுவந்து இறக்கும். போகிறபோதும் பிள்ளை தூக்கம், வருகிறபோதும் பிள்ளை தூக்கம். அந்த வேன்களில் ஒன்று தோட்டத்துக்காரர் கம்பெனியுடையது. ஆக நிலமும் அவருடையது, வேனும் அவருடையது. பெண்கள் இரண்டில் ஒன்றில் நிற்க வேண்டும்.

முதல் விதைப்பு முக்கால்வாசி போயிற்று. அவரைக்கும் துவரைக்கும் செய்கிற மாதிரி விதையைச் செம்மண்ணில் புரட்டி உச்சி வெயிலில் காயப் போட்டுவிட்டார்கள். சோயாவுக்குத் தோல் மெல்லிசு. வெடித்துவிட்டது. மறுபடியும் விதை வாங்கி, நிழலில் வைத்திருந்து போட்டோம். பச்சைப் பசேலென்று வந்தது. அந்த வயலைப் பார்க்கிறபோது எனக்குக் கர்வமாக இருக்கும், சும்மா சொல்லக் கூடாது.

மாவு செய்வதற்கு முறை இருந்தது. சோயாவைப் பச்சையாக அரைத்தால் உடம்பில் ஒட்டாது, வயிற்றைப் புரட்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு நன்றாக வேகவிட்டு, தேய்த்துத் தோல் நீக்கி, காயவைத்து, வாசம் வரும்வரை வறுத்து, ராகியோடு சேர்த்து அரைக்க வேண்டும். பச்சை வாசம் போகிற வரைக்கும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. இதை வீட்டுக்கு வீடு நின்று செய்து காட்டினோம். ஊரில் பல குழந்தைகளுக்கு எடை ஏறியது. கோகிலாவின் குழந்தைக்கு மட்டும் ஏறவில்லை.

கோகிலா குழுவிலேயே இளையவள். வாய் துடுக்கு, கை சுறுசுறுப்பு. கணவன் பூபதி ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்தான். குழந்தை தன்ஷிகாவுக்கு இரண்டு வயது இருக்கும். வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், முடி செம்பட்டை, கை குச்சி. அழவே அழாது. அழுகிற குழந்தையைப் பார்த்து நான் பயந்ததில்லை. அழாத குழந்தையைக் கண்டால்தான் பயம். அம்மா கையைத் தவிர வேறு யார் கையிலும் ஒரு வாய் வாங்காது.

ஒரு எடை நாளில் கோகிலா என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"அடுத்த எடைக்குள்ள புள்ள தேறுலீன்னா நான் வேன்ல ஏறிருவனுங்க்கா. சம்பளம் வந்தா நல்ல டப்பா பவுடராச்சும் வாங்கிக் குடுக்கலாமுங்க."

"நீ போயிட்டா ஆரு ஊட்டறது? உன்ற கைய உட்டா அது வாங்குமா?"

"தெரீலீங்க்கா. இங்கயே இருந்தும் தேறுலியேங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. அவள் வேன் ஏறிவிட்டால் அந்தக் குழந்தை பிழைக்குமா என்றே எனக்குச் சந்தேகம். பச்சை மாவோ என்று அவள் டப்பாவைத் திறந்து வாயில் போட்டுப் பார்த்தேன். பக்குவமாக வறுத்திருந்தாள், குறையே சொல்ல முடியாது. பூச்சி மாத்திரை கொடுத்தோம். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் எல்லாப் பரிசோதனையும் பார்த்தோம். நோய் ஒன்றும் இல்லை என்றார்கள். மாவு டப்பாவும் வாராவாரம் ஒழுங்காகக் காலியானது. மேடத்திடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் கோகிலா வீட்டுக்குப் போனேன். வாசலில் யாரும் இல்லை. பின்பக்கம் கட்டுத்தரையில் சத்தம் கேட்டது. அவளுடைய சிந்து மாடு வாளிக்குள் தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் மினுமினுப்பு. பக்கத்தில் கோகிலா மாவு டப்பாவைத் தட்டித் தட்டி வாளிக்குள் கொட்டிக்கொண்டிருந்தாள். தன்ஷிகா சுவரோரம் உட்கார்ந்து மாடு சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "ஏ கோகிலா! என்ன பண்ணறே? பெத்த புள்ளைக்குக் குடுத்த மாவ மாட்டுக்கு ஊத்தறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா?" என்று கத்தினேன்.

அவள் டப்பாவைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"மாடு தின்னாப் பாலா வருதுங்க்கா. பால் நல்லதுதானுங்களே? நேரா மாவக் குடுத்தா அது கோழித்தீவனமுங்க. அவரு பண்ணையில தெனமும் மூட்டை மூட்டையாக் கொட்டறாருங்க. ஊட்டுக்கு வந்தா அவரு சட்டையில அந்த வாசந்தான். அதையே எம்புள்ளைக்குக் கரைச்சு ஊட்டச் சொல்றீங்களே. 'பூபதி ஊட்டுல புள்ளைக்குக் கோழித்தீவனம்'னு குழாயடியில சிரிக்கறாங்க. உங்க ஊட்டுல குடுப்பீங்களா?"

உடுமலை, பல்லடம் சுற்றுவட்டாரத்தில் சோயா என்றால் கோழிக்குத்தான் என்பது நாங்கள் எல்லாரும் அறிந்ததே. அது ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய அவமானமாகப் போய்ச் சேரும் என்பது காய்கறிப் படத்தில் இல்லை.

"செரி, பாலாச்சும் கொழந்தைக்குப் போகுதா?" என்றேன்.

"பால் சொசைட்டிக்கு ஊத்தறமுங்க."

"கொழந்தைக்கு?"

"டீயில ஊத்தறமுங்க்கா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது போல இருந்தது. டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சோயா மாட்டுக்குப் போகிறது, பால் கேனுக்குப் போகிறது, அம்மாவின் பாசம் முழுக்க இந்தச் சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது, குழந்தையின் வாய்க்கு மட்டும் அது வந்து சேரவில்லை. எனக்கும் அழுகை வந்தது. கோபத்திலா, பரிதாபத்திலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜமீலா மேடத்திடம் சொன்னபோது அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "நாளைக்குப் போலாம்" என்றார்.

மறுநாள் காலை துணிப்பையோடு ஒரு தூக்குப்போசியும் கொண்டுவந்தார். அதில் இரவே ஊறவைத்த சோயா. கோகிலா வீட்டுக்குள் நுழைந்ததும் எப்போதும் போல அடுப்படிக்குப் போனார். ஆனால் ஸ்பூனை எடுக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பசிக்குது கண்ணு. ஒரு வாய் சோறு போடு."

கொங்குநாட்டில் பசிக்கிறது என்று வாசல் ஏறி வந்தவரை இல்லை என்று யாரும் அனுப்ப மாட்டார்கள். கோகிலா பதறிப் போனாள். "அய்யோ, கொழம்பு ஒண்ணுமில்லீங்க மேடம். சித்த இருங்க, பக்கத்தூட்டுல போயி..."

"ஒண்ணும் வேண்டா. அரிசிம்பருப்பு ஆக்கு. பருப்புக்குப் பதிலா இதப் போடு" என்று தூக்குப்போசியை நீட்டினார்.

அரிசியும் பருப்பும் ஒன்றாக ஆக்கும் அரிசிம்பருப்பு எங்கள் பக்கத்துச் சாப்பாடு. அவசரத்துக்கும் அதுதான், ஆசைக்கும் அதுதான். கோகிலா போசியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"விருந்தாளிக்கு இதையுங்களா போடறது?"

"விருந்தாளிக்குப் போடற மாதிரி ஆக்கு."

கோகிலாவுக்கு வேறு வழியில்லை. வந்தவருக்கு மட்டமாகச் சமைத்துப் போட்டால் அவள் குடும்பத்துக்கு அவமானம், நன்றாகச் சமைத்தால் சோயா சோறாகிவிடும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். சோயாவைத் தேய்த்துத் தோலை அலசினாள். குக்கரில் தனியாகப் போட்டுப் பச்சை வாசம் போகிற வரைக்கும் வேகவைத்தாள். சின்ன வெங்காயம் உரிக்கிறபோது பாதி கோபம் போய்விட்டது. சீரகம், பூண்டு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து அரிசியைப் போட்டுக் கிளறியபோது வீடே மணத்தது. கடைசியில் அவளாகவே மேலே ஒரு கரண்டி நெய் ஊற்றினாள். விருந்தாளிக்கு நெய்யில்லாமல் போடுவாளா?

அந்த நேரம் பார்த்துப் பூபதி பண்ணையிலிருந்து வந்தான். சட்டையெல்லாம் தீவனத் தூசி. தட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். "மேடம், இது எங்க பண்ணையில கோழிக்கு..." என்று இழுத்தான்.

"உங்க கோழிக எப்படி இருக்குது தம்பி?"

"நல்லாத் தேறுதுங்க."

"அப்பறமென்ன? கோழிக்கு இருக்கற யோகம் உன்ற புள்ளைக்கு இல்லியா?"

பூபதி தலையைக் குனிந்துகொண்டான். மேடம் சோற்றைப் பிசைந்து முதல் வாய் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். மேடம் குழந்தையின் பக்கம் திரும்பவே இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. "நல்லா ஆக்கியிருக்கறே கண்ணு, இன்னொரு கரண்டி போடு" என்று பசித்தவர் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார். உண்மையில் பசித்துத்தான் வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறியிருக்கிறார்.

தன்ஷிகா சுவரை விட்டு நகர்ந்தது. உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து மேடத்தின் தட்டுக்குப் பக்கத்தில் வந்து, தட்டையே பார்த்தது. பிறகு கையை நீட்டி ஒரு சோயாவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. மென்றது. இன்னொன்று எடுத்தது. கோகிலா ஓடிவந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதே தட்டிலிருந்து பிசைந்து ஊட்டினாள். வாங்கிக்கொண்டது. வாய்க்குள் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த எடை நாளில் தன்ஷிகாவைத் தூளியில் வைத்தபோது முதலில் காலைப் பார்த்தேன். தரையில் படவில்லை. பிறகு முள்ளைப் பார்த்தேன். ஏறியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருந்தது. கோகிலா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நித்யா சொல்கிற போட்டோ அன்றைக்கு எடுத்ததுதான். கோகிலா வேன் ஏறவில்லை.

இதோடு நிறுத்தினால் சக்சஸ் ஸ்டோரி. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. சில போகம் கழித்துத் தோட்டத்தில் போர்வெல் தண்ணீர் வற்றியது, தென்னையில் நோய் விழுந்தது. தோட்டத்துக்காரர் நிலத்தை வீட்டு மனையாகச் சைட் போட்டு விற்றுவிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் கணக்கு இருந்தது. சோயா வயலில் கலர் கலராகக் கல் நட்டார்கள். எங்களை வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். ஜமீலா மேடமும் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். நானும் ஓய்வு பெற்று மிளகாய் கிளற வந்துவிட்டேன்.

போட்டோவைத் திரையில் போடுவதானால் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலமே கிளம்பினேன். கோகிலா ஏதோ பனியன் கம்பெனியில் இருப்பதாகக் காதில் விழுந்திருந்தது. வேறு எந்தக் கம்பெனியாக இருக்கும்? நெருப்பெரிச்சலுக்குப் போய்த் தோட்டத்துக்காரர் கம்பெனி கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் நின்றேன். வடநாட்டுப் பையன்கள் இந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீ பிரேக் பெல் அடித்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி முதல் ஆளாகக் கோகிலா வந்தாள். ஆள் இளைத்திருந்தாள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"சாந்தியக்கா! ஏனுங்க இங்க?"

"உன்னையத்தான் பாக்க வந்தேன். தன்ஷிகா எப்படி இருக்கறா?"

"எட்டாவது படிக்கறாளுங்க. என்னைய விட ஒசரமுங்க்கா" என்று கையை உயர்த்திக் காட்டினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்புறம் அவள் சொன்னாள், "ரெண்டாவதும் பொண்ணுதானுங்க. மித்ரா. ரெண்டரை வயசாச்சு."

என் வாய் சும்மா இருக்குமா? பழக்க தோஷம். "அது இன்னிக்கு என்ன சாப்புட்டுச்சு?" என்றேன்.

கோகிலா கையிலிருந்த டீயைப் பார்த்தாள். "டப்பா பவுடர் வாங்கி வெச்சிருக்கறனுங்க்கா. நான் வேனுக்கு வரப்பத் தூங்கிட்டிருந்தா."

அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். "எளச்சுத்தான் இருக்கறாளுங்க" என்று மட்டும் சொன்னாள். பெல் அடித்தது. "டார்கெட்டு முடிக்கோணுங்க்கா" என்று உள்ளே ஓடினாள். போட்டோவைப் பற்றிக் கேட்க மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கை சோயாவை ஊறவைத்தேன். மறுநாள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி தூக்குப்போசியோடு மடத்துக்குளம் போகிற முதல் பஸ்ஸைப் பிடித்தேன். எதிரே கம்பெனி வேன்கள் வரிசையாகத் திருப்பூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியில் சாய்ந்து தூங்குகிற பெண்களில் கோகிலாவும் ஒருத்தியாக இருப்பாள்.

கோகிலா வீட்டு வாசலில் பள்ளிக்கூட யூனிபாரத்தில் ஒரு நெட்டைப் பெண் உட்கார்ந்திருந்தாள். தோளில் புத்தகப் பை. மடியில் ஒரு சின்னது, வாயை இறுக்க மூடிக்கொண்டு. கையில் பவுடர் கரைத்த டம்ளர். செம்பட்டை முடியும் குச்சிக் கையும் இப்போது சின்னதிடம் இருந்தன.

"நீ தன்ஷிகா தானே? நான் சாந்தியக்கா, உங்கம்மாவுக்குப் பழக்கம். தங்கச்சிக்குத் தெனமும் ஆரு ஊட்டறது?"

"நானுங்க. அப்பா காலையிலயே பண்ணைக்குப் போயிருவாருங்க. ஊட்டிட்டு இவளப் பால்வாடில உட்டுட்டுப் போவனுங்க."

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலியா கண்ணு?"

"மொதப் பீரியட் எப்பவும் போயிருமுங்க. கணக்குப் பாடமுங்க. லேட்டாப் போனா வெளிய நிக்க வெச்சிருவாங்க." அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். நாங்கள் சோறு ஊட்டித் தேற்றிய பிள்ளை கணக்குப் பாடத்துக்கு வெளியே நிற்கிறாள். கைதட்டல் வேறு கேட்கிறதா எனக்கு?

தூக்குப்போசியைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இது எனக்குத் தெரியுமுங்க. லீவுன்னா அம்மா இதுலதான் அரிசிம்பருப்பு ஆக்குவாங்க. அன்னிக்கு மட்டும் இவ நல்லாத் திம்பாளுங்க."

"நீ கெளம்பு. நான் ஊட்டி, பால்வாடில உட்டுக்கறேன். அம்மாவுக்குப் போன்ல சொல்லீரு."

அவள் அம்மாவிடம் பேசிவிட்டு, என்னை ஒருமுறை பார்த்து, தங்கையை என் மடியில் விட்டுவிட்டு ஓடினாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

சோறு குக்கரில் வெந்துகொண்டிருந்தபோது நித்யாவின் போன். "அக்கா, ஸ்கிரீன் ரெடிங்க. போட்டோ போட்டாச்சு. எங்க இருக்கறீங்க?"

"போட்டோவ எடுத்துரு. அந்தப் பொண்ணுங்களக் கூட்டிட்டு நாளைக்கு வெடியால இங்க, கோகிலா ஊருக்கு வா. வேன் போனதுக்கப்பறம் ஒவ்வொரு ஊட்டுலயும் ஆரு ஊட்டறாங்கன்னு பாக்கட்டும்."

"நாளைக்குங்களா? நீங்க எப்ப வருவீங்க?"

"எனக்கு இங்க வேலையிருக்குது" என்று வைத்துவிட்டேன்.

தட்டில் சோறு போட்டு நெய் ஊற்றிப் பிசைந்தேன். மித்ரா என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கையை நீட்டவில்லை. நானும் கூப்பிடவில்லை. முதல் வாயை நான் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. அவள் அசையவில்லை. இரண்டாவது வாய் சாப்பிட்டேன். எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.